ஸ்னைப்பர் கையில் மட்டும்தான் போல்ட் ரைஃபிளா? விளையாட்டுகளில் பழைய போர்த் துப்பாக்கிகள்

கல்லணைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வீடியோ கேம்களில் வரும் பழைய போர்த் துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தோற்றத்திலேயே நின்றுவிடுகிறது. மரக்கட்டையின் நிறம் சரியா, போல்ட்டின் கைப்பிடி நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, வெடியோசை பொருத்தமாக இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த வகையில் இன்றைய விளையாட்டுகளின் மீது பெரிய குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது, எதற்காக இருந்தது என்பதில்தான் வரலாறு தலைகீழாகிறது.

2016-இல் வெளியான பேட்டில்ஃபீல்டு 1-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் கிட்டத்தட்ட எல்லாப் படைகளிலும் சாதாரணக் காலாட்படை வீரன் தோளில் சுமந்தது போல்ட் ரைஃபிள்தான், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி. பிரிட்டிஷ்காரனுக்கு லீ-என்ஃபீல்டு, ஜெர்மானியனுக்கு கெவேர் 98, பிரெஞ்சுக்காரனுக்கு லெபெல், ரஷ்யனுக்கு மோசின்-நகாந்த். ஆனால் அந்த விளையாட்டு வெளியானபோது இந்த ரைஃபிள்கள் ஸ்கவுட் என்ற ஒரே வகுப்பின் (ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வீரர் வகையின்) சொத்தாக இருந்தன. அதாவது தொலைவில் பதுங்கிச் சுடுபவனுக்கு மட்டும். எதிரியின் பதுங்குகுழிக்குள் பாய்பவன் கையில் எம்பி 18 என்ற தானியங்கித் துப்பாக்கி இருந்தது. உண்மையில் அது போரின் கடைசி ஆண்டான 1918-இல்தான் களத்துக்கு வந்தது. அதைவிட வேடிக்கை ஹெல்ரீகல் என்ற இன்னொரு தானியங்கித் துப்பாக்கி. ஆஸ்திரிய-ஹங்கேரியில் 1915-இல் சோதித்துப் பார்த்த மாதிரி அது; சில புகைப்படங்களுக்கு அப்பால் அதன் சுவடே இல்லை. விளையாட்டிலோ தெருவுக்கு நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். செய் ரிகோட்டி என்ற ரைஃபிளும் எந்தப் படையும் முறையாக ஏற்றுக்கொள்ளாத இத்தாலிய முயற்சிதான்.

மேற்கு முனையின் பெரும்பகுதியைத் தாங்கி நின்ற பிரெஞ்சுப் படை, முதல் வெளியீட்டில் இடம்பெறவே இல்லை. 2017 மார்ச்சில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய விரிவாக்கத்தில்தான் லெபெல் வந்தது. ஒரு துப்பாக்கியின் திருகாணி வரை சரியாக வரைந்துவிட்டு, அதை வைத்திருந்த படையையே விட்டுவிட்டால் அதற்குப் பெயர் வரலாற்றுத் துல்லியமா? நண்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

---

பிக்சல்_பாரி

கல்லணைக்காரன் அவர்களே, நீங்கள் சொல்லும் செய்திகளில் எனக்கு மறுப்பில்லை, எதிர்பார்ப்பில்தான் மறுப்பு. 64 பேர் ஒரே களத்தில் மோதும் விளையாட்டில் அத்தனை பேரும் ஒரு குண்டு சுட்டு, போல்ட்டை இழுத்து, மறுபடி சுடுவதாக இருந்தால் புதிதாக வருபவர் அரைமணி நேரத்தில் வெளியேறிவிடுவார். அந்தப் போரை நேர்மையாகக் காட்டுவதென்றால் மாதக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்திருப்பதையும், யார் சுட்டார்கள் என்றே தெரியாமல் பீரங்கிக் குண்டில் சாவதையும் காட்ட வேண்டும். அந்தப் போரில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கிதானே தவிர ரைஃபிள் அல்ல. ஆக, விளையாட்டு என்று எடுத்துக்கொண்டவுடனேயே ஏதோ ஒன்றை வெட்டத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்கும் விளையாட்டும் இல்லாமல் போய்விடவில்லை. 2015-இல் முழுமையாக வெளியான வெர்டன் என்ற முதல் உலகப் போர் விளையாட்டில் பெரும்பாலோர் கையில் போல்ட் ரைஃபிள்தான். மார்பில் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. நல்ல விளையாட்டு, நானும் ஆடியிருக்கிறேன். பேட்டில்ஃபீல்டு ஆடியவர்களின் எண்ணிக்கையோடு அதை ஆடியவர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டால், தயாரிப்பாளர்கள் ஏன் ஹெல்ரீகலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கிவிடும். பேட்டில்ஃபீல்டிலும்கூட எல்லோருக்கும் தத்தம் படையின் ரைஃபிள் மட்டுமே என்று ஒரு தனி ஆட்டமுறை இருந்தது. அதை ஆட ஆள் சேர்வதற்குள் தேநீர் ஆறிவிடும்.

---

ஏட்டு_303

நான் விளையாட்டுகள் அதிகம் ஆடுபவன் அல்லன். மகன் ஆடும்போது பின்னால் நின்று பார்ப்பேன். காவல்துறை ஆயுதப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த லீ-என்ஃபீல்டை, நாங்கள் சொல்லும் த்ரீ நாட் த்ரீயை, கையாண்ட அனுபவம் உண்டு. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தவை அவை. உலகப் போர்க் காலத்து வடிவம்தான். பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

திரையில் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது போல்ட். விளையாட்டில் நான்கு அசைவும் ஒரே வேகத்தில், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நடக்கின்றன. உண்மையில் இந்த ரைஃபிளில் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுப்பது எளிது. முன்னால் தள்ளும்போது கடைசி ஓர் அங்குலத்தில்தான் சுருள்வில் இறுகும். அங்கே உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் சுடும்போது அந்த அழுத்தத்திலேயே ரைஃபிள் வலப்பக்கம் சாயும், குறி கலையும், மறுபடி கன்னத்தை மரத்தில் பதித்துப் பார்வையைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் ஐந்து குண்டு சுட்டு முடிப்பதற்குள் தோள்குழியைத் தடவ ஆரம்பித்துவிடுவார்கள். ஏறத்தாழ நான்கு கிலோ எடை. அதைத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் ஓடி வந்து நின்ற உடனே குறி வைக்கச் சொன்னால், முன்குறி மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். மகனின் விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தி மூச்சைப் பிடித்தால் ரைஃபிள் சிலைபோல நின்றுவிடுகிறது. ஓடி வந்தவனுக்கு மூச்சைப் பிடிப்பதுதான் முடியாத காரியம்.

இன்னொன்று. மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, கழற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் துடைப்பதற்கன்றி அதைக் கழற்றக் கூடாது என்பதே எங்களுக்குச் சொன்ன பாடம். ஆளுக்கு ஒரு மேகசின்தான். மாற்று மேகசின் என்ற பேச்சே கிடையாது.

---

தேன்மொழி_கா

ஏட்டையா சொன்ன அந்தக் கடைசிச் செய்தியைப் பேட்டில்ஃபீல்டு 1 சரியாகக் கையாண்டிருக்கிறது. லீ-என்ஃபீல்டின் மேகசின் பத்துக் குண்டு கொள்ளும். தோட்டாக்களை ஐந்து ஐந்தாகக் கோத்த சார்ஜர் கிளிப் என்ற உலோகப் பிடியால் மேலிருந்து நிரப்ப வேண்டும். விளையாட்டில் மூன்று குண்டு மட்டும் செலவாகியிருந்தால் வீரன் ஒவ்வொன்றாகத் திணிக்கிறான். ஐந்துக்கு இடமிருந்தால்தான் கிளிப்பை எடுக்கிறான். இது வெறும் அழகுக்கான அசைவு அன்று. எத்தனை குண்டு சுட்டபின் நிரப்புவது என்று ஆடுபவரைக் கணக்குப் போட வைக்கிறது. 1914-இல் பெல்ஜியத்தின் மோன்ஸில் நின்ற பிரிட்டிஷ் வீரனும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பான். ஒரு நிமிடத்தில் குறிபார்த்துப் பதினைந்து குண்டு சுட வேண்டும் என்பது அவர்களுடைய பயிற்சி விதி. கிளிப்பால் நிரப்பும் நேரமும் அந்த நிமிடத்துக்குள்ளேயே அடங்கும்.

ஆனால் அந்தக் கிளிப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை எந்த விளையாட்டும் தொட்டு நான் பார்க்கவில்லை. .303 தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். அதனால்தான் கிளிப்பில் கோக்கும்போதே விளிம்புகளை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினார்கள். அவசரத்தில் தனித்தனியாகத் திணிப்பவன் இதில் கவனமாக இருக்க வேண்டும். விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டு திணிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் வைத்திருந்த எம்1 கராண்ட் ரைஃபிளின் விஷயம் இதற்கு நேர் எதிர். 2003-இல் வந்த முதல் கால் ஆஃப் டியூட்டியிலும் அதற்கு அடுத்ததிலும், எட்டுக் குண்டும் தீர்ந்து 'டிங்' என்று கிளிப் தெறித்தால்தான் மறுபடி நிரப்ப முடியும். இரண்டு குண்டு மிச்சம் இருந்தால் வீணாக வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டு நிரப்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இதனாலேயே கராண்டைப் பாதியில் நிரப்ப முடியாது என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறது. உண்மையில் போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்தில் உள்ள சிறிய விசையை அழுத்தினால், மிச்சக் குண்டுகளோடு கிளிப் மேலே வந்துவிடும். புதிய கிளிப்பைப் போட்டுக்கொள்ளலாம். பாதிக் கிளிப்பைத் துப்பாக்கியில் இருக்கும்போதே எட்டாக நிறைப்பதுதான் தொல்லை. பின்னால் வந்த விளையாட்டுகள் இதைத் திருத்திவிட்டன, ஆனால் மனத்தில் பதிந்தது பதிந்ததுதான். அழகான மரக்கட்டையை விட இத்தகைய விதிகள்தான் ஆடுபவருக்கு வரலாற்றைக் கற்றுக்கொடுக்கின்றன, தவறாகவும் கற்றுக்கொடுக்கின்றன.

---

கல்லணைக்காரன்

பாரி, ஏதோ ஒன்றை வெட்டத்தான் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். எதை வெட்டுகிறோம் என்பதில்தான் கேள்வி. சேற்றையும் காத்திருப்பையும் வெட்டினால் போரின் சலிப்பு போகிறது. அதனால் யாரும் தவறாக எதையும் நம்பிவிடப் போவதில்லை. காலாட்படை வீரனின் ரைஃபிளை வெட்டி ஸ்னைப்பர் கையில் கொடுத்தால், ஆடுபவர் ஒரு பொய்யை உண்மையென்று எடுத்துக்கொண்டு போகிறார்.

இதன் விளைவை நம் ஊரிலேயே பார்க்கலாம். பப்ஜி ஆடிய பையன்களிடம் கார் 98 என்ன வகைத் துப்பாக்கி என்று கேளுங்கள். சற்றும் யோசிக்காமல் 'ஸ்னைப்பர்' என்பார்கள். விளையாட்டு அதை அந்தப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. மேலே எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப்பும் பூட்டலாம். 1935-இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட அந்த ரைஃபிள் ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. அதில் ஸ்கோப் பூட்டியவை மிகச் சிறு பங்கு. மற்றவையெல்லாம் இரும்புக் குறியோடு, சமையற்காரன் முதல் தபால்காரன் வரை அந்தப் படையில் யாருக்கும் கொடுக்கப்பட்ட சாதாரணத் துப்பாக்கிகள்.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் குழு ஒன்றில் சுமார் பத்துப் பேர். அவர்களுக்கு நடுநாயகம் எம்ஜி 34 அல்லது எம்ஜி 42 என்ற இயந்திரத் துப்பாக்கி. கார் 98 வைத்திருந்த மற்றவர்கள் அதற்குத் தோட்டாச் சங்கிலி சுமந்து, அதன் பக்கங்களைக் காத்தார்கள். இந்த உறவை ஓரளவு புரிந்துகொண்ட விளையாட்டு என்று 2021-இன் ஹெல் லெட் லூஸைச் சொல்வேன். அங்கே ஸ்னைப்பருக்கு எண்ணி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஜெர்மன் பக்கம் சாதாரண ரைஃபிள்காரன் இரும்புக் குறி வைத்த கார் 98-ஓடுதான் களமிறங்குகிறான். அதை ஆட ஆளில்லாமல் போய்விடவில்லையே. எனவே ஆள் வராது என்ற வாதத்தை அப்படியே ஏற்க முடியவில்லை.

---

நள்ளிரவு_நரி

எனக்கு ஓர் ஐயம். பேட்டில்ஃபீல்டு 1-இல் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு குறிப்பிட்ட தூர எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்குள் எதிரியின் மார்பில் பட்டால் ஒரே குண்டில் சாவு. லீ-என்ஃபீல்டுக்கு அது கிட்டத்திலும் கெவேர் 98-க்குச் சற்றுத் தள்ளியும் இருக்கிறது. அந்த எல்லையை விடக் கிட்டத்தில் நின்று சுட்டால் எதிரி பிழைத்துக்கொள்கிறான். இதற்கு ஏதாவது அறிவியல் அடிப்படை உண்டா?

---

மரக்கட்டை

அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. குழலை விட்டு வெளியேறிய நொடியிலிருந்து குண்டு வேகத்தை இழந்துகொண்டேதான் போகும். கிட்டத்தில் பட்டால் ஆற்றல் அதிகம், குறைவு அல்ல. ஸ்கவுட் வகுப்பினர் நெருங்கி வந்து எல்லோரையும் ஒரே குண்டில் வீழ்த்திவிடக் கூடாது, அதே நேரம் ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனிக் குணம் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த விளையாட்டு விதி அது. கல்லணைக்காரன் சொல்லும் வகுப்புப் பிரிவினையிலிருந்து கிளைத்த குளறுபடி என்றும் சொல்லலாம்: எல்லோரிடமும் ரைஃபிள் இருந்திருந்தால் இப்படியொரு விதியே தேவைப்பட்டிருக்காது.

இதில் வருத்தம் என்னவென்றால், ரைஃபிள்களுக்கு இடையில் தூரம் சார்ந்த உண்மையான வேறுபாடுகள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தன. கெவேர் 98-இன் பின்குறியை (சுடும் தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் பகுதியை) எவ்வளவு தாழ்த்தினாலும் 400 மீட்டருக்குக் கீழே போகாது. பரந்த வெளியில், பல நூறு மீட்டர் தள்ளி அணிவகுத்து வரும் படையைக் கற்பனை செய்து வைத்த ஏற்பாடு அது. பதுங்குகுழிப் போரில் எதிரி 150, 200 மீட்டரில் இருந்தான். அந்தத் தூரத்தில் நேராகக் குறி வைத்தால் குண்டு ஓர் அடிக்கும் மேலே போய்விடும். தலைக்குக் குறி வைத்தவனின் குண்டு தொப்பிக்கு மேலே பறந்துவிடும். வீரன் தாழ்த்திக் குறி வைக்கப் பழக வேண்டியிருந்தது. பின்னர் வந்த கார் 98-இல் குறி 100 மீட்டரிலிருந்து தொடங்குகிறது. இந்த ஒரு பண்பை மட்டும் விளையாட்டில் கொண்டுவந்திருந்தால், கெவேருக்கும் மற்ற ரைஃபிள்களுக்கும் உள்ள வேறுபாடு செயற்கை விதி எதுவும் இல்லாமலேயே கையில் தெரிந்திருக்கும்.

மோசினுக்கும் இதுபோல ஒன்று உண்டு. ரஷ்யர்கள் குழல் முனையில் மாட்டும் குத்தீட்டியான பயோனெட்டைப் பூட்டிய நிலையிலேயே அந்த ரைஃபிளின் குறியைச் சரிசெய்தார்கள். கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு விழும் இடம் மாறும். விளையாட்டுகளில் பயோனெட் குத்துவதற்கு மட்டும் பயன்படுகிறது.

லீ-என்ஃபீல்டின் பழைய மார்க் 3-இல் இடப்பக்கம் ஒரு வட்டக் குறி இருக்கும். 2,000 கஜத்துக்கும் அப்பால் ஒரு படைப்பிரிவே சேர்ந்து குண்டுமழை பொழிவதற்கானது. மேகசினை மூடி வைக்கும் தகடு ஒன்றும் இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டால் மேகசினில் உள்ள பத்துக் குண்டும் கையிருப்பாக நிற்க, ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடலாம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இவை இரண்டும் தேவையில்லை என்று கைவிடப்பட்டன. 1918-இல் நடக்கும் களத்தில் இவற்றைக் கண்டால் உடனே தவறு என்று சொல்லிவிடவும் வேண்டாம். பழைய துப்பாக்கிகள் அப்படியே புழக்கத்தில் இருந்தன.

---

தேன்மொழி_கா

மரக்கட்டை அவர்கள் தொடாத இன்னொன்று, பழுது. கனடாப் படை ராஸ் என்ற ரைஃபிளோடு போருக்குப் போனது. போல்ட்டைத் திருப்பத் தேவையில்லை, நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும்; குறியும் மிகத் துல்லியம். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் சேறும் சூடும் சேர்ந்தபோது போல்ட் இறுகிக்கொண்டது. காலால் உதைத்துத் திறந்தவர்களும், செத்துக் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அதை விடாமல் தாங்கிப் பிடித்தவர் கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ். 1916-இல் படை லீ-என்ஃபீல்டுக்கு மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய பதவியும் போனது. ஆனால் ஸ்னைப்பர்கள் ராஸைக் கைவிடவில்லை. துடைத்துப் பாதுகாத்து, நல்ல தோட்டாவாகப் பொறுக்கிப் போட்டுச் சுடுபவனுக்கு அதைவிடச் சிறந்த ரைஃபிள் அரிது.

பாருங்கள், ஒரு துப்பாக்கி ஸ்னைப்பருக்கு உகந்தது, சாதாரண வீரனுக்கு ஆகாதது என்று வரலாறே பிரித்துக் கொடுத்த இடம் இது. பழுதடைதல் என்ற ஒன்று விளையாட்டில் இல்லாததால் ராஸுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள அந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லாமல் போகிறது.

---

பிக்சல்_பாரி

பழுதை முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தேன்மொழி. பழைய போர் விளையாட்டு அன்று என்றாலும், 2008-இன் ஃபார் கிரை 2-இல் துப்பாக்கி துருவேறி, சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிக்கிக்கொள்ளும். அதை இன்றும் கொண்டாடுபவர்கள் உண்டு. திட்டியவர்கள் அதைவிட அதிகம். தன் தவறால் செத்தால் ஆடுபவர் பொறுத்துக்கொள்வார், தற்செயலாகச் சிக்கிச் செத்தால் பொறுக்கமாட்டார். ஏட்டையா சொன்ன மூச்சு வாங்குவது, மரக்கட்டை சொன்ன 400 மீட்டர்க் குறி போன்றவை பழகினால் வசப்படுபவை. அவற்றைச் சேர்ப்பதில் எனக்கும் தடையில்லை. ராஸின் சிக்கலை மட்டும் சேர்க்காதீர்கள் என்பேன், அல்லது சேற்றில் விழுந்து புரண்டவனுக்கு மட்டும் அது நேரட்டும்.

---

ஏட்டு_303

சேற்றில் புரண்டவனுக்கு மட்டும் என்பது நியாயமான விதி, தம்பி. எங்கள் காலத்தில் மழையில் ரைஃபிளை நனையவிட்டவனுக்கும் அதுதான் தண்டனை.

முதல் உலகப் போரில் நம் நாட்டுப் படைகள் பெருமளவில் போயினவே, அவர்கள் கையில் இருந்ததும் இதே துப்பாக்கிதானா? எந்த விளையாட்டிலாவது அது வருகிறதா?

---

கல்லணைக்காரன்

ஏட்டையா, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ரைஃபிளின் கதையே தனி. 1914 இலையுதிர் காலத்தில் லாகூர், மீரட் பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பழைய மாதிரி ரைஃபிள்களை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் புதிய லீ-என்ஃபீல்டுகளை வாங்கிக்கொண்டார்கள். முற்றிலும் பழகிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, குறியின் அளவும் தோட்டாவும் மாறிய வேறொன்றைக் கையில் வாங்கி, சில வாரங்களில் ஃபிளாண்டர்ஸ் குளிரில் போய் நின்றார்கள். அடுத்த மார்ச்சில் பிரான்சின் நெவ் ஷப்பேல் தாக்குதலில் முன்னணியில் நின்றவர்களும் அவர்களே. இதைச் சொல்லும் பெரிய விளையாட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை.

---

நள்ளிரவு_நரி

சரி, பேட்டில்ஃபீல்டு போன்ற பெரிய விளையாட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் ஒவ்வொருவரும் எதைக் கேட்பீர்கள்? நான் 400 மீட்டர்க் குறியைக் கேட்பேன்.

---

தேன்மொழி_கா

தோட்டாக் கணக்கு. பிரிட்டிஷ் வீரனின் 1908 வடிவக் கச்சையில் பத்துப் பைகள். பைக்கு மூன்று கிளிப், ஆக 150 குண்டு. அவை பைகளில் இருக்கும் கிளிப்புகள், திரையின் மூலையில் மாயமாகக் கூடிக் குறையும் ஓர் எண் அல்ல. பாதிக் கிளிப்பைத் தரையில் போட்டால் அது போனதுதான் என்று வைக்க வேண்டும். 2006-இன் ரெட் ஆர்கெஸ்ட்ரா என்ற விளையாட்டில் மிச்சம் எத்தனை குண்டு என்பதைத் திரை சொல்லாது. நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். சுட்டபின் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் போல்ட்டும் இயங்கும். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு கை தானாகப் பழகிவிடும்.

---

கல்லணைக்காரன்

நான் கேட்பது தொடக்கத்தில் சொன்னதுதான், ஆனால் பாரிக்காகச் சற்று இறங்கி வருகிறேன். தானியங்கித் துப்பாக்கிகளை எடுத்துவிட வேண்டாம். எட்டுப் பேர் குழுவுக்கு ஒன்று என்று எண்ணிக்கையை மட்டும் கட்டுங்கள். அதை வைத்திருப்பவன் செத்தால் அடுத்தவன் தரையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஹெல்ரீகலை வேண்டுமானால் துப்பாக்கிச் சோதனைத் திடலில் வைத்துக்கொள்ளலாம். அது இருந்த இடம் அதுதான்.

---

பிக்சல்_பாரி

குழுவுக்கு ஒன்று என்றால் சம்மதம். ஆனால் அதை முதலில் எடுப்பது நான்தான்.